சட்டைப்பைக்குள் போன பிரசாதம்

வெட்கம் எனக்குப் புதிதில்லை. ஹட்டன் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறவன் நான். அளவில் பிழை வரும், பிள்ளையின் காற்சட்டை இடுப்பில் நிற்காது, தாய்மார் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவார்கள். அதெல்லாம் பொழுது சாய்வதற்குள் மறந்துபோகும். போன தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எனக்கு வந்த வெட்கம் அப்படிப் போகவில்லை. இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

கோயில் என்றது வேதக்கோயிலை, கத்தோலிக்கச் சர்ச்சை. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவில்தான் இன்னும் இருக்கிறோம். மனைவி கொழுந்து பறிக்கிறவள். ஒரே மகள், டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அந்தக் கடைக்குக் கரண்ட் வேலை செய்ய வந்த கொட்டகலைப் பையன் ஒருவன் அவளை விரும்பி, ஒழுங்காக வீட்டுக்கு வந்து கேட்டான். நல்ல பையன், வேதக்காரன். எனக்கு அவன் மேல் ஒரு குறையும் இல்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன், கிடைக்கவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அவங்க என்னைய மாறச் சொல்லலப்பா" என்றாள் மகள். "நானாத்தான் படிச்சுப் பாக்கப்போறேன். மனசுக்குப் புடிச்சா ஞானஸ்நானம் எடுப்பேன். இல்லாட்டி இப்புடியே கட்டிக்குவேன். சாமிகிட்டயும் கேட்டாச்சு, அதுக்கும் வழி இருக்காம்."

சாமி என்று அவள் சொன்னது அந்தக் கோயில் குருவானவரை. அந்த நேரமே நான் கவனித்திருக்க வேண்டும். அவர்களுக்கும் கோயில், நமக்கும் கோயில். அவர்களுக்கும் பூசை, நமக்கும் பூசை. சாமி, திருவிழா, தேர், எல்லாம் ஒரே சொல். சொல் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நினைக்கிற முட்டாள் நான். அதற்குத்தான் பிறகு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். மகள் வேறு ஆளாகிவிடுவாள். வேறு பெயர் வைத்துக்கொண்டு, வேறு சனத்தோடு சேர்ந்து, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் தெரியாதவள் மாதிரி நடந்து போவாள். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் மலைச் சரிவில் வழுக்கி விழுந்து, காலில் மாக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள்.

"ஒங்களுக்கு வேற வேல இல்ல" என்றாள். "அவ்வளவு பயமா இருந்தா கூடப் போய்ப் பாருங்களேன். அங்க என்னதான் சொல்லிக் குடுக்கிறாங்கன்னு நமக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

போனேன். கேள்வி கேட்டு அந்த வகுப்பையே கலைத்துவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபத்தில் நடந்தது. நாலைந்து பேர்தான். வகுப்பு எடுப்பவர் உபதேசியார் என்றதும் நான் நரைத்த தாடியோடு ஒரு பெரியவரை எதிர்பார்த்தேன். வந்தவன் கிழமை நாட்களில் டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற பையன். என் கடை முன்னால்தான் நிறுத்துவான். நிறுத்தாதே என்று நான் அவனைப் பலமுறை விரட்டியிருக்கிறேன். என்னைக் கண்டதும் அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. "வாங்க அங்கிள், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

முதல் நாள் கடவுளைப் பற்றிச் சொன்னான். ஒரே கடவுள். வானமும் பூமியும் காணுவதும் காணாததும் அவர் படைத்தவை. அவரைத் தகப்பன் என்று கூப்பிடலாம். நான் கையைத் தூக்கினேன்.

"தம்பி, ஒண்ணுங்கிறீங்க. அப்புறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு நெத்தியிலயும் நெஞ்சுலயும் தொட்டுக்கிறீங்க. கணக்கு ஒதைக்குதே."

அவன் தண்ணீர், ஐஸ், ஆவி என்று ஏதோ உதாரணம் தொடங்கினான். தண்ணி ஐஸ் ஆகும்போது தண்ணி எங்கே போகும் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "அந்த உதாரணம் சரியில்லதான் அங்கிள்" என்றான். "எனக்கும் அது முழுசா வெளங்கல. ஆனா ஒண்ணு நம்புறோம். கடவுள் எப்பவுமே தனியா இருந்ததில்ல. ஒலகம் உண்டாகுறதுக்கு முந்தியே தகப்பனும் மகனும் ஆவியானவரும் ஒருத்தருக்கொருத்தர் அன்பா இருந்தாங்க. மூணு சாமி இல்ல. ஒரே சாமி, ஆனா தனிமையில்லாத சாமி." எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த கிழமை பாவம். எல்லாரும் பாவிகள் என்றான். எனக்குச் சுர்ரென்றது.

"நாங்க என்னா பாவம் பண்ணினோம்? லயத்துல பொறந்தோம், அதுதான் பாவம்."

"கொல பண்றது மட்டும் பாவம் இல்ல அங்கிள். நமக்குத் தெரிஞ்ச நல்லத நாமளே தள்ளிட்டுப் போறது. நமக்கு வேண்டியவங்கள விட்டு வெலகிப் போறது. அத நம்மளால சரிபண்ணிக்க முடியல. கடவுள் பாக்கிறாரு. அட பாவின்னு அவரு விட்டுடல. ஐயோ பாவம்னு எறங்கி வந்தாரு."

"வார்த்தைய வச்சு வெளையாடாத தம்பி" என்றேன். ஆனால் அந்தப் பேச்சு பஸ்ஸில் வரும்போதும் காதில் இருந்தது. தப்புப் பண்ணினாலும் பாவம், தப்புப் பண்ணினவனைப் பார்த்து இரங்கினாலும் பாவம். இத்தனை வயது வரை தமிழ் பேசியும் எனக்கு இது தோன்றியதில்லை.

பிறகு இயேசு பிறந்த கதை. கடவுளே மனிதனாகப் பிறந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. பாதி மனிதன் பாதி சாமி இல்லை, முழுசாக மனிதன், முழுசாகக் கடவுள். அதுவும் மாட்டுத் தொழுவத்தில். "அப்ப நம்ம காம்பரா எவ்வளவோ பரவாயில்ல" என்றேன். உபதேசியார்ப் பையனும் சிரித்தான். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. கேள்வி கேட்டுக் கலைக்க வந்தவன், போகப்போக அங்கே கோமாளி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் அடிக்கடி திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். மாறுகிறாளா, மாறுகிறாளா என்று.

நற்கருணை என்று ஒரு பாடம் நடந்த அன்று நான் நடுவில் எழுந்து பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன். வாய்க்கு ருசி தேடிப் போனதில் எதைத் தவறவிட்டேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசைக்கும் வந்து பாருங்கள் என்று உபதேசியார் எல்லாரையும் அழைத்திருந்தான். மகள் வெள்ளனவே போய்விட்டாள். நான் நீலச் சட்டை ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது மனைவி கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னாங்க, கோயிலுக்குப் போறீங்க. வரும்போது வெறுங்கையோட வராதீங்க. எந்தச் சாமியா இருந்தா என்னா, பிரசாதம் குடுத்தா எனக்கும் கொஞ்சம் கொண்டாங்க. புள்ள கும்பிடப்போற சாமி, நானும் வாயில போட்டுக்கிறேன்."

அவள் சம்மதம் சொன்ன விதம் அதுதான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோயிலுக்கு ரோட்டிலிருந்து படி ஏறிப் போக வேண்டும். வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எல்லா வேதக்கோயிலிலும் அப்படித்தான். என் கையில் ஒன்றும் இல்லை. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். மகள் முன்னால், அவளைக் கேட்டு வந்த கொட்டகலைப் பையனின் அத்தையோடு இருந்தாள். பாட்டு நன்றாக இருந்தது. எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தேன், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தேன்.

பூசை முடியப்போகிற நேரம் சனம் வரிசையில் போகத் தொடங்கியது. சாமி ஒவ்வொருவர் கையிலும் வெள்ளையாக, வட்டமாக, சின்னதாக ஒன்றை வைத்தார். இதுதானே என்று எழுந்தேன். நம் கோயிலில் பூசாரி தட்டை நீட்டும்போது பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது சாமியை அவமதிக்கிற காரியம். வரிசையில் நின்றேன். சாமி ஏதோ சொன்னார். "சரிங்க சாமி" என்று இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காகிதம் மாதிரி எடையே இல்லை. மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டார்கள். நான் திரும்பி நடந்துகொண்டே சலவைக் கைக்குட்டையில் பக்குவமாக மடித்து, சட்டைப்பையில் வைத்தேன். மனைவிக்குப் பாதி, எனக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு மனம் நிறைந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க வாங்குனது எங்க?"

"இந்தா, பையில இருக்குங்க."

"எடுங்க."

குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் வெளியே போகிற வழியை மறித்து நின்றார். ஏதோ பெரிய காரியம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். பக்கத்தில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குனிந்து, அதை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே கொண்டுபோய்ச் சாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் ஓடியிருக்கலாம். வெறும் கைக்குட்டையை மடித்துக்கொண்டு நின்றேன்.

"இத வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு தெரியாதா? எதுக்குக் கொண்டுபோறீங்க? ஒங்கள நான் இங்க கண்டதே இல்லயே. யாரு நீங்க?"

"பாவம், விடுங்க. தெரியாம செஞ்சிருப்பாரு" என்றார் ஒரு வயதான அம்மா.

பாவம் என்ற அந்தச் சொல் இரண்டு பக்கமும் அறைந்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் தெரிந்தார்கள். அந்தப் பக்கம் பையனின் அத்தை. அவளுக்குப் பக்கத்தில், தூணோரம், என் மகள். அவள் என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீங்க அந்த வகுப்புக்கு வர்ற புள்ளையோட அப்பாவா?"

"இல்லீங்க" என்றேன். "எனக்கு அந்தப் புள்ளையத் தெரியாது. சும்மா பூசை பாக்க வந்தேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல், கடையில் துணி மீட்டர் சொல்கிற மாதிரி வந்தது. மகள் எடுத்து வைத்த கால் அப்படியே நின்றது.

அவளைக் காப்பாற்றச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இவளுடைய அப்பன் கோயிலில் திருடினான் என்ற பேச்சு வந்தால் ஞானஸ்நானம் நின்றுவிடும், கல்யாணம் நின்றுவிடும், பையன் வீட்டார் முன்னால் அவள் தலை குனிவாள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் இதையெல்லாம் நினைத்தேனா? நினைக்கவில்லை. என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று மட்டும்தான் நினைத்தேன். சீ, இது ஒரு பிழைப்பா. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு கூடத் தேவைப்படவில்லை. அவள் என்னைத் தெரியாதவள் மாதிரிப் போய்விடுவாள் என்றல்லவா நான் பயந்துகொண்டிருந்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் வழிவிட, மகள் என் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "டிக்கோயா பஸ் வந்துருச்சுப்பா" என்றாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினாள்.

"வெறுங்கையோடவா வந்தீங்க?"

"அங்க அதெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்" என்றேன். மகள் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யையும் கேட்டாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சீனி எப்போதும் போல இரண்டு கரண்டி. ஒரு கரண்டி குறைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வகுப்புக்கு நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போகாவிட்டால் அவளைத் தனியே விட்ட மாதிரி ஆகும் என்பதால் போனேன். உபதேசியார் என் பக்கம் பார்க்காமலே பாடத்தைத் தொடங்கினான்.

"நற்கருணையப் பத்தி இன்னொரு தடவ சொல்றேன், வராதவங்களுக்காக. அது பிரசாதம் மாதிரி இருக்கும், ஆனா பிரசாதம் இல்ல. பிரசாதம், நாம சாமிக்குப் படைச்சத சாமி நமக்குத் திருப்பித் தர்றது. இது, சாமி தன்னையே நமக்காகப் படைச்சு, தன்னையே தர்றது. அந்த அப்பம் அவரோட ஒடம்பு. அப்புடித்தான் நம்புறோம். அதுனாலதான் அத அவ்வளவு பத்திரமா பாக்கிறோம். தெரியாம ஒருத்தர் கைக்குட்டையில மடிச்சு வச்சா, அவரும் பத்திரமாத்தான் வச்சிருக்காரு. கடவுளுக்கு அது வெளங்கும்."

த்ரீவீல் நிறுத்த விடாமல் நான் விரட்டிய பையன் இதைச் சொல்கிறான். மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டையைக் கடவுள் விளங்கிக்கொள்வார், சரி. அதற்குப் பிறகு நான் சொன்னதை யார் விளங்கிக்கொள்வது?

பிறகு இயேசு பட்ட பாடுகளுக்கு வந்தான். அவரைக் காட்டிக்கொடுத்தார்கள், அடித்தார்கள், சிலுவையில் அறைந்தார்கள். வேறு நாளாக இருந்தால், எங்கள் முனியாண்டி சாமி மேல் ஒருவன் கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஒரு போடு போட்டிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவரால் தடுக்க முடியாமல் இல்லை, நம்மைத் தன்னிடமிருந்து பிரிக்கிற பாவத்தை எல்லாம் தன் மேல் ஏற்றுக்கொண்டு, நமக்காகத் தானாகவே அந்தச் சாவுக்குப் போனார் என்றான்.

"அவரு கூட எப்பவும் இருந்த தலமச் சீடரு ஒருத்தரு" என்று தொடர்ந்தான். "உசிரக் குடுத்தாலும் ஒங்கள விட மாட்டேன்னவரு. இயேசுவப் புடிச்சுக்கிட்டுப் போனப்ப பின்னாடியே போயி, முற்றத்துல நெருப்புக் காஞ்சுக்கிட்டு நின்னாரு. ஒரு வேலக்காரப் பொண்ணு கேட்டா, நீயும் அந்த ஆளோட இருந்தவன்தானேன்னு. அவரு சொன்னாரு, எனக்கு அந்த ஆளத் தெரியாதுன்னு."

என் காதில் யாரோ சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. மூன்று தரம் அப்படிச் சொன்னாராம். அப்போது சேவல் கூவியதாம். வெளியே போய் மனம் கசந்து அழுதாராம். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இருமுகிற மாதிரி எழுந்து வெளியே போய், மண்டபத்துச் சுவரோரம் நின்றேன். அழ வரவில்லை. அவருக்கு வந்த அழுகைகூட எனக்கு வரவில்லையே என்று அதற்கும் வெட்கம்.

பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு சேவல் வளர்க்கிறார். அது வருடக்கணக்காகக் கூவுகிறது. நான் கவனித்ததே இல்லை. அந்தக் கிழமை முழுக்க அது எனக்காகவே கூவியது. "அந்தச் சேவல எப்பதான் கொழம்பு வைக்கப்போறீங்க" என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அதற்கடுத்த பாடம் உயிர்த்தெழுதல். மற்ற எல்லா நாளையும்விட அன்றைக்கு உபதேசியார் நிமிர்ந்து நின்று பேசினான். செத்து அடக்கம் பண்ணப்பட்டவர் மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், ஆவியாக இல்லை, தொட்டுப் பார்க்கிற உடம்போடு எழுந்தார் என்றான். "இது இல்லாட்டி நாங்க சொல்ற மத்தது எல்லாம் சும்மா நல்ல பேச்சுத்தான்" என்றான். சாவு கடைசி இல்லை. அவர் திரும்ப வருவார், எல்லாருக்கும் நியாயம் தீர்ப்பார், அவரை நம்பினவர்களும் அவரைப் போல எழுவார்கள். மலைச் சரிவில் புதைத்த நம் ஆட்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்குக் கேட்க இருந்தது வேறு.

"தம்பி, அந்தத் தலமச் சீடரு என்னா ஆனாரு?"

"அவருகிட்டயும் இயேசு வந்தாரு அங்கிள். ஒரு காலையில கடற்கரையில கரி நெருப்புப் போட்டு, மீன் சுட்டு வச்சுக்கிட்டு, வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டாரு."

"திட்டலயா?"

"இல்ல."

"ஏன்டா அப்புடிச் சொன்னன்னு ஒரு வார்த்த கேக்கலயா?"

"கேக்கல. என் மேல அன்பா இருக்கியான்னு கேட்டாரு. திரும்பத் திரும்ப அத மட்டும்தான் கேட்டாரு."

"அது திட்டுறதவிட மோசமாச்சே தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. தேத்தண்ணி வருகிறது, சட்டை தேய்த்து வருகிறது, "சாப்பிட்டீங்களாப்பா" என்ற கேள்வி வருகிறது. கேட்க வேண்டியது மட்டும் வரவில்லை. ஒரு தடவை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் நானும் பதிலுக்குக் கத்தி, அதோடு முடிந்துபோகும்.

"நாம சரிபண்ணி முடிச்சப்புறம் வர்றது இல்ல அங்கிள் மன்னிப்பு" என்றான் உபதேசியார். சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். "அது மொதல்லயே வந்துடுது. அதுக்குத்தான் அருள்னு பேரு. நாம சம்பாதிக்க முடியாது. கையேந்தி வாங்கத்தான் முடியும். வாங்குறதுதான் நமக்குக் கஷ்டம்."

ஈஸ்டர் முடிந்து வந்த ஞாயிறு காலையில் மகளுக்கு ஞானஸ்நானம். அவள் தானாக முடிவெடுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை என்பதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். மனைவிக்கு மாக்கட்டுப் பிரித்திருந்தது. கம்பு ஊன்றிப் படியேறி, முன் வாங்கில் கொட்டகலைப் பையனுக்கும் அவன் அத்தைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "செருப்ப எல்லாம் பாத்துக்கணும், நான் இங்கயே நிக்கிறேன்" என்று கதவோரம் நின்றுகொண்டேன். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. என்னிடமிருந்து ஓரடி தள்ளி அதே வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

மகள் வெள்ளைச் சேலையில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றாள். ஞானத்தாயாக நின்ற பெண் அவள் தோளில் கை வைத்திருந்தாள். சாமி பெயரைக் கேட்டார். புதுப் பெயரைச் சொன்னாள். சனத்துக்கு அவளை அறிமுகப்படுத்துவதற்காக, தாய் தகப்பன் யார் என்று கேட்டார். தாயின் பெயரைச் சொன்னாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

"எங்கப்பா வந்திருக்காரு சாமி" என்றாள். மைக் முன்னால் இருந்தது, கோயில் முழுக்கக் கேட்டது. "அந்தா, கதவுகிட்ட நிக்கிறாரு. நீலச் சட்ட."

மொத்தச் சனமும் திரும்பிப் பார்த்தது. என் வாடிக்கைக்காரர்கள் பார்த்தார்கள், அந்த வயதான அம்மா பார்த்தார், மனைவி பார்த்தாள். எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளைத் தெரியாது என்றேனோ அதே சட்டை. எனக்கிருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் புள்ளையத் தெரியாதுன்னீங்களே" என்றார், மெதுவாக.

"பொய் சொன்னேங்க" என்றேன். "எம் மகதான்."

அவர் நகர்ந்து வழிவிட்டு, "முன்னுக்குப் போங்க அண்ணே" என்றார். நடு வழியால் நடந்து போனேன். அவ்வளவு நீளமான கோயில் என்று அதுவரை நினைத்திருக்கவில்லை. நான் போய் நின்ற பிறகுதான் சாமி தண்ணீரை எடுத்தார். தகப்பன், மகன், தூய ஆவி என்று சொல்லி அவள் தலையில் மூன்று முறை ஊற்றினார். பழைய மனுஷி தண்ணீரோடு செத்து, புது மனுஷியாக எழும்புகிறாள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தலையை நிமிர்த்தியபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்ட, சின்னப் பிள்ளையில் லயத்துப் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வருவாளே, அதே முகம்தான் இருந்தது. நான் பயந்தது போல ஒருவரும் அவளை மாற்றியிருக்கவில்லை.

நற்கருணை நேரத்தில் உபதேசியார் வந்து, ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் நெஞ்சில் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் சாமி ஆசீர்வாதம் தருவார் என்று காதில் சொன்னான். மகள் முன்னால் போய் வாங்கி, உட்கொண்டாள். நானும் மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனோம். சாமி எங்கள் தலையில் கை வைத்தார். "இதுதான் இங்க பிரசாதமா" என்று மனைவி கேட்டாள். வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்கிறேன் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மனைவிக்கு முன் சீட்டில் யாரோ இடம் கொடுத்தார்கள். நானும் மகளும் பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். அவள் முடி இன்னும் காயவில்லை. கையில் மெழுகுதிரி. டவுனைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு வாசல்ல ஒரு ஆளு ஒன்னையத் தெரியாதுன்னு சொன்னானே" என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. கையால் நெஞ்சைத் தொட்டு, என்னைத்தான் சொல்கிறேன் என்று காட்டினேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டைக் காலரின் மடிப்பை விரலால் நேராக்கிவிட்டாள்.

"அப்புடி ஒரு ஆள எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.